வளர்த்திக்கு விட்ட துணி

அளவு நாடாவைச் சுற்றி வைப்பதில் ஒவ்வொரு தையற்காரருக்கும் ஒரு கைப்பழக்கம் உண்டு. தையலக்கா என்று தெருவார் அழைக்கும் அந்த அம்மையார், ஒன்றாம் எண் உள்ளே அடங்கியிருக்கும்படிதான் சுற்றுவார். இருபது ஆண்டுகளில் அது ஒரு நாளும் மாறியதில்லை. அன்று காலை மேசை இழுப்பறையைத் திறந்தபோது ஒன்றாம் எண் வெளியே தெரிந்தது. நாடாவின் பித்தளை முனை அவரையே உற்றுப் பார்ப்பதுபோல் இருந்தது.

பள்ளி திறக்க இரண்டு வாரமே இருந்தது. வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு தையல் இயந்திரங்கள், வெட்டுவதற்கு ஒரு நீள மேசை, சன்னலோரம் இஸ்திரிப் பெட்டி. மூன்று பள்ளிகளின் சீருடைகள் அங்கேதான் தைக்கப்பட்டன. மழைக்காலம் நீண்ட ஊர் ஆகையால், பிள்ளைகளுக்கு முழுக்கை வைத்த கருநீலக் கோட்டு கட்டாயம். தைத்து முடித்த கோட்டுகள் சுவரெங்கும் தொங்கி, தலையில்லாத ஒரு வகுப்பறையைப்போல் காட்சியளித்தன.

"என்ன தையலக்கா, நாடாவ வெச்சுக்கிட்டு அப்படி யோசிக்கிறீங்க? உள்ள ஏதாவது கடுதாசி வந்திருக்கா?" என்று கேட்டார் மூலையில் அமர்ந்திருந்த காஜாக்கா. சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பொத்தான் தைப்பது அவர் வேலை. ஊசியைவிட வேகமாக வாய் ஓடும்.

"நேத்து இத கடைசியா எடுத்தது யாரு?"

"நீங்கதான். நான் ஊசி நூலத் தவிர எதையும் தொடுறதில்ல."

"சுத்து மாறியிருக்கு."

"பேய் வந்து அளவெடுத்திருக்கும். அதுக்கும் பள்ளிக்கூடம் திறக்குதுல்ல."

தையலக்கா சிரிக்கவில்லை. நாடாவுக்கு அடியில் இருந்த அளவுப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். ஏழாம் வகுப்புப் பெண் பிள்ளைகளின் பக்கங்களில் ஓரங்கள் ஈரக் கட்டைவிரல் பட்டு மடிந்திருந்தன. அந்த வீட்டில் கட்டைவிரலை நனைத்துத் தாள் புரட்டுகிறவர் ஒருவர்தான். அவர் தையலக்காவின் கணவர்.

அவரைத் தெரு விசில்காரர் என்று அழைத்தது. ஒரு காலத்தில், தாம் வேலை பார்த்த கிடங்கின் அணிக்காகக் கைப்பந்து ஆடியவர். முழங்கால் கைவிட்ட பிறகும் கழுத்து விசிலை விடவில்லை. பதினெட்டு ஆண்டுகள் அந்தக் கிடங்கில் மூட்டைகளை எண்ணி ஏற்றிக்கொண்டிருந்தவர், ஆறு மாதத்துக்கு முன் அந்த வேலையை விட்டுவிட்டார். விளையாட்டுப் பயிற்சி மையம் ஒன்று, ஊர் ஊராகப் போய்த் திறமையுள்ள பிள்ளைகளைக் கண்டுபிடித்து வர ஆள் தேடியது. ஆறு மாதம் சோதனைக் காலம்; அதற்குள் அவர் அழைத்து வரும் பிள்ளைகளில் ஒருவராவது தேர்வாக வேண்டும்; தேர்வானால் வேலை நிரந்தரம், பிறகு பயிற்சியாளராகவும் ஆகலாம் என்பது ஏற்பாடு. இதுவரை பதினொரு பிள்ளைகளை அழைத்துப் போயிருந்தார். பதினொருவரும் திரும்பி வந்துவிட்டார்கள். வருகிற சனிக்கிழமைத் தேர்வுதான் கடைசி. கிடங்கில் அவருடைய நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்து மாதங்கள் ஆகிவிட்டன.

தெரு முதலில் அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டது. "என்ன விசிலு, இன்னைக்கு எத்தனை புள்ள புடிச்சீங்க?" என்று தேநீர்க்கடையில் கேட்பார்கள். பிள்ளை பிடிக்கிறவன் என்ற சொல் சிரிப்பாய் இருக்கும்வரை சிரிப்புத்தான். சிரிப்பு நின்றுபோனால் அதே சொல் வேறு முகம் காட்டும்.

அன்று நண்பகல் தையலக்காவின் தம்பி சாப்பிட வந்தார். பேருந்து நடத்துநர். அவருடைய வண்டி தெருமுனையில் அரை மணி நேரம் நிற்கும். அந்த அரை மணியில் சோறும் கீரையும் ஒரு முட்டையும் சாப்பிட்டு, ஊர்ச் செய்தி முழுவதையும் இறக்கி வைத்துவிட்டுப் போவார். அன்று தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டார்.

"என்னடா, வாயத் திறக்க மாட்டேங்குற? கீரையில உப்பு கூடிடுச்சா?"

"உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு. அக்கா, மாமா நேத்து எங்க போனார்?"

"மையத்துக்குன்னு சொன்னார்."

"மூணரை மணிக்கு மேல்நிலைப் பள்ளி வாசல்ல நின்னார். அங்கதான் விளையாட்டு வகுப்பு நடக்குதே. என் வண்டி அந்தப் பக்கம் ரெண்டு தடவை போச்சு. ரெண்டு தடவையும் நின்னார்."

"அவரு வேலை அதுதானே."

"வேலைதான். ஆனா காவல்காரர் வந்து ஏதோ கேட்டார். இவர் பதில் சொல்லாம நடந்துட்டார். வண்டியில ரெண்டு அம்மாங்க பேசிக்கிட்டாங்க."

"என்ன பேசிக்கிட்டாங்க?"

"சாப்பிடும்போது எதுக்குக்கா அது."

"நான் சாப்பிடல. நீதான் சாப்பிடுற. சொல்லு."

தம்பி முட்டையை இரண்டாகப் பிட்டு, இரண்டையும் தின்னாமல் வைத்தார். "பெத்துக்காத மனுஷனுக்கு அடுத்தவங்க பொண்ணுங்க கிட்ட என்ன வேலைன்னு ஒருத்தி கேட்டா. நான் டிக்கெட் கிழிச்சுக்கிட்டு இருந்தேன். திரும்பிப் பார்க்கல. பார்த்தா, இவர் என் அக்கா புருஷன்னு சொல்ல வேண்டியிருக்கும்."

"சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்," என்றார் தம்பி. பிறகு தட்டைத் தள்ளிவிட்டுக் கை கழுவ எழுந்தார்.

மறுநாள் மழை சற்று விட்டதால் தையலக்கா துணி துவைக்க அமர்ந்தார். கணவரின் சட்டைப் பையில் நான்காய் மடித்த ஒரு தாள் இருந்தது. பிறர் பையைத் துழாவும் பழக்கம் அவருக்கு இல்லை. தாள் நனைந்துவிடக் கூடாதே என்றுதான் எடுத்தார். எடுத்த பிறகு பிரிக்காமல் இருக்க முடியவில்லை.

ஒன்பது வரிகள். ஒவ்வொரு வரியிலும் ஒரு பெண் பிள்ளையின் பெயர், தெரு, அதன் பிறகு எண்கள். கை, தோள், இடுப்பிலிருந்து முழங்கால். எழுத்து கணவருடையது, எண்கள் தம்முடையவை. பெற்ற தாய் முகத்தைப் பார்த்துப் பிள்ளையை அடையாளம் காண்பதுபோல், தையலக்கா எண்ணைப் பார்த்தே பிள்ளையைச் சொல்லிவிடுவார். ஒரு வரியைச் சுற்றிச் சிவப்பு மையில் இரண்டு வட்டம் போடப்பட்டிருந்தது. அது மருத்துவமனைச் சலவையகத்தில் வேலை செய்யும் அம்மாவின் மகள். கோட்டின் கை விரல் நுனிவரை தொங்குவதால், சோளக்கொல்லைப் பொம்மை என்று மற்றப் பிள்ளைகள் கேலி செய்யும் பெண்.

தையலக்கா ஈரம் படாமல் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அடுத்தவர் பெண்ணின் உடல் அளவு ஓர் ஆண்பிள்ளையின் சட்டைப் பையில் ஏன் இருக்க வேண்டும்? நல்ல விடை ஒன்று இருக்கத்தான் வேண்டும். அந்த நல்ல விடையை அவர் தேடத் தேட, கெட்ட விடைகளே முந்திக்கொண்டு வந்தன.

மாலையில் தேநீர் கொடுத்தபடி கேட்டார். "இன்னைக்கு எங்க போனீங்க?"

"மையத்துக்கு."

"முந்தாநாள்?"

"அன்னைக்கும் அங்கதான். ஏன்?"

"தம்பி உங்கள பள்ளிக்கூட வாசல்ல பார்த்தானாம்."

"வழிதானே அது."

"வழியில எவ்வளவு நேரங்க நிப்பாங்க?"

விசில்காரர் தேநீரை அடிமண்டிவரை குடித்தார். மண்டியையும் குடித்தார். "முழங்கால் வலிச்சுது. நின்னேன்."

"என்கிட்ட ஏதாவது கேக்கணுமா?"

"இல்லையே. என்ன கேக்கணும்?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் பொய் சொன்னால் தையலக்காவுக்குத் தெரியும். இடது காது மடலைத் தடவுவார். இப்போதும் தடவினார். தாளைப் பற்றித் தையலக்கா வாய் திறக்கவில்லை. கேட்டுவிட்டால் விடை வந்துவிடுமே என்ற அச்சம்தான்.

புதன்கிழமை முற்பகல் சலவையக அம்மா கடை வாசலில் வந்து நின்றார். வெளுப்புத் தூளில் ஊறி வெளிறிய விரல்கள். வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் வந்திருந்தார்.

"உள்ள வாங்க," என்றார் தையலக்கா.

"இங்கயே நிக்கிறேன். நீங்க பொண்ணுக்குக் கோட்டு தைச்சுக் குடுத்தீங்க, குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா நேத்து உங்க வீட்டுக்காரர் எங்க வாசல்ல வந்து நின்னார். உங்க பொண்ணுக்குக் கை ரொம்ப நீளம், தேர்வுக்கு அனுப்புங்கன்னார். அவ கை எவ்வளவு நீளம்னு பெத்த எனக்கே தெரியாது. அவருக்கு யாரு சொன்னா?"

தையலக்கா இயந்திரத்தை நிறுத்தி, மடித்து வைத்திருந்த அந்தத் தாளை எடுத்துப் பிரித்தார். காஜாக்காவின் ஊசி பொத்தானுக்குள் பாதியில் நின்றது.

"அவளுக்குப் பன்னண்டு வயசு," என்றார் சலவையக அம்மா. "அவ அளவு உங்க கையில இருக்குன்னு நெனச்சேன். உங்க வீடு பூராவும் இருக்கும்னு நெனைக்கல. பள்ளிக்கூடத்துல சொல்லிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம்னு கிளம்பினேன். கால் இங்க வந்துடுச்சு."

அந்தச் சமயம் பார்த்துத்தான் விசில்காரர் சொட்டச் சொட்டக் குடையோடு உள்ளே நுழைந்தார். வாசலில் நின்றவரைப் பார்த்தார். மனைவியின் கையில் விரிந்திருந்த தாளைப் பார்த்தார். குடையை மடக்க மறந்துவிட்டார்.

"இது எப்படி வந்துச்சு, அவங்க கிட்டயே சொல்லுங்க," என்றார் தையலக்கா.

"புத்தகத்துல பார்த்து எழுதினேன்." இம்முறை கை காதுக்குப் போகவில்லை. "நாடாவையும் எடுத்தேன். எந்த எண்ணு எதுக்குன்னு என் கையிலயே வெச்சுப் பார்த்துக்கிட்டேன்."

"எதுக்கு?"

"வேற என்ன பண்ணச் சொல்ற? மைதானத்து ஓரம் நின்னா, யாரு நீங்கன்னு கேக்குறாங்க. பள்ளி வாசல்ல நின்னா காவல்காரர் வர்றார். ஒரு பிள்ளைய ரெண்டு நிமிஷம் சேர்ந்தாப்ல பார்க்க முடியல. எண்ணப் பார்த்தா யாருக்கும் தப்பாத் தோணாதுன்னு நெனச்சேன்."

"நல்லா நெனச்சீங்க," என்றார் காஜாக்கா. "வாசல்ல நின்னா திருடன்பாங்கன்னு, கொல்லைப்புறமா ஏறிக் குதிச்ச கதைதான். கட்டின பொண்டாட்டி கிட்ட ஒரு வார்த்தை கேட்டா வாய் வெந்துடுமா?"

"கேட்டா, கிடங்குக்கே போங்கன்னு சொல்லுவா."

அது உண்மையும்தான்.

அந்த எண்கள் எப்படிப்பட்ட எண்கள் என்று அந்த வேளையில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கோபமும் வெட்கமும் அறை முழுக்க நிறைந்திருந்தன.

சலவையக அம்மா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். குரல் தணிந்திருந்தது. "இவர் வந்து போனதிலேர்ந்து என் பொண்ணு நிலைக்கு மேல எட்டி எட்டித் தொட்டுப் பார்க்குறா. அவளப் பார்த்து நல்லதா ஒரு வார்த்தை வேற யாரும் சொன்னதில்ல. போகாதன்னு சொன்னேன், சாப்பிடல. அதனால உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உங்க வீட்டுக்காரர நம்பலாமா? நீங்க சொல்லுங்க, அனுப்புறேன்."

தையலக்காவின் உதடுகளுக்கிடையே இரண்டு குண்டூசிகள் இருந்தன. துணியைக் குத்துவதற்காக வைத்துக்கொண்டவை. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைக்கும் நேரம்தான் அவருக்குக் கிடைத்தது. கணவர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களும் கூட வாங்க," என்றார் தையலக்கா. "நானும் வர்றேன். கண்ணால பார்த்துக்கலாம்."

"நான் கேட்டது அது இல்லையே."

"தெரியும்," என்றார் தையலக்கா.

விசில்காரர் குடையை மடக்கி, மூலையில் சாத்திவிட்டு உள்ளே போனார்.

சனிக்கிழமை தூறலாக இருந்தது. பயிற்சி மையத்தின் கூடத்தில் ஐம்பது பிள்ளைகளும் அவர்களை அழைத்து வந்தவர்களும் நிறைந்திருந்தனர். தையலக்காவிடம் சீருடை தைக்கும் தாய்மார்களில் ஏழெட்டுப் பேரும் அங்கே தென்பட்டனர். ஒரு சுவரில் அளவுக்கோடுகள் வரைந்திருந்தார்கள். பிள்ளைகள் முதுகைச் சுவரில் ஒட்டி, கைகளைச் சிறகுபோல் இரு பக்கமும் விரித்து நிற்க வேண்டும். தேர்வு அதிகாரி நடுத்தர வயது அம்மையார். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார்.

சலவையக அம்மாவின் மகள் கோட்டைக் கழற்றித் தாயிடம் கொடுத்தாள். சுவரோடு நின்று, விரல் நுனி நடுங்கும்வரை கைகளை நீட்டினாள். அதிகாரி அளவைப் பார்த்தார். கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார். இன்னொரு முறை அளந்தார்.

"ஆறு இஞ்ச் குறையுது," என்றார்.

அவரைப்போலவே பிள்ளைகளைத் தேடி அழைத்து வந்திருந்த மற்றவர்கள் திரும்பினர். ஒருவர், "துவைச்சதுல சுருங்கிடுச்சோ?" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். பெண் இன்னும் கைகளை நீட்டியபடியே நின்றாள். யாரும் இறக்கச் சொல்லவில்லை.

"படிவத்துல எழுதினது நீங்கதானே?" என்று அதிகாரி விசில்காரரைக் கேட்டார். "ஒரு இஞ்ச், அரை இஞ்ச் தப்பு வரும். ஆறு இஞ்ச் தப்பு தானா வராது. கடைசித் தேர்வுன்னு கூட்டிப் போட்டீங்களா?"

"இல்லங்க. இருந்த எண்ணத்தான் போட்டேன்."

"எங்க இருந்த எண்ணு?"

விசில்காரர் வாயைத் திறந்து மூடினார். தையலக்கா அவருடைய கையைப் பார்த்தார். அது காதுக்குப் போகவில்லை; பக்கத்தில் செத்ததுபோல் தொங்கிற்று. அவர் பொய்யை மறைக்கவில்லை. மனைவியின் புத்தகத்தை மறைக்கிறார் என்பது தையலக்காவுக்கு அப்போதுதான் விளங்கிற்று. அந்தக் கணமே ஆறு அங்குலமும் விளங்கிற்று. கைக்கு மூன்று, இரண்டு கைக்கு ஆறு.

வாயைத் திறந்தால் அந்தத் தாய்மார் ஏழெட்டுப் பேரும் கேட்பார்கள். திறக்காவிட்டால் இந்த மனிதர் ஏமாற்றுக்காரராக வெளியே போவார். தையலக்கா முன்னே வந்தார்.

"அவர் கூட்டலைங்க. கூட்டினது நான்."

"நீங்க யாரு?"

"இவர் சம்சாரம். தையல்காரி. பிள்ளைங்க சீருடை அளவெல்லாம் என் புத்தகத்துல இருக்கு. என்னைக் கேக்காம அதப் பார்த்து எழுதிட்டார். ஆனா அது உடம்பு அளவு இல்லைங்க, தைக்கிற அளவு. வளர்ற பிள்ளைக்கு வளர்த்திக்குன்னு துணி விட்டுத் தைப்போம். இந்தப் பொண்ணுக்குக் கைக்கு மூணு இஞ்ச் விட்டேன். கூட்டி எழுதுறது எங்க பழக்கம். அது அவருக்குத் தெரியாது."

கூடத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. "நம்ம புள்ளைங்க அளவும் அதுலதானே இருக்கு," என்று யாரோ சொன்னது தெளிவாகவே கேட்டது.

"மூணு இஞ்ச் விடச் சொன்னது நான்தாங்க," என்றார் சலவையக அம்மா. கோட்டை மார்போடு அணைத்திருந்தார். "ரெண்டு வருஷம் வரட்டும்னு சொன்னேன். கைய இறக்கும்மா, போதும்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "சரி. ஏமாத்தலைன்னே வெச்சுக்குவோம். இந்தப் பொண்ணு ஓடிப் பார்த்தீங்களா?"

"இல்லங்க," என்றார் விசில்காரர்.

"குதிச்சு? பந்து எறிஞ்சு?"

"இல்ல."

"அப்ப நீங்க தேடினது கோட்டைத்தான்." அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. படிவத்தில் ஒரு கோடு இழுத்தார். பெண்ணை மூன்று முறை குதிக்கச் சொன்னார், ஓடச் சொன்னார். அவள் உயிரைக் கொடுத்துக் குதித்தாள். பிற பிள்ளைகள் அவளைவிட உயரக் குதித்தார்கள். கடைசியில் கோட்டைப் போட்டுக்கொண்டபோது கைகள் மறுபடி உள்ளே மறைந்தன. விசில்காரர் அவள் முன் போய் நின்று, "தப்பு என்னுதும்மா, உன்னுது இல்ல," என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். சலவையக அம்மா, திரும்பும் வழி முழுக்கப் பேருந்தில் மகளுக்கும் விசில்காரருக்கும் நடுவில்தான் உட்கார்ந்து வந்தார்.

பொழுது சாய்வதற்குள் நான்கு தாய்மார்கள் கடைக்கு வந்தார்கள். எல்லாரும் மரியாதையாகவே பேசினார்கள். எல்லாரும் கேட்டது ஒன்றுதான். தையலக்கா அவரவர் பிள்ளையின் பக்கத்தைப் புத்தகத்திலிருந்து கிழித்து அவரவர் கையில் கொடுத்தார். "கோட்டு இன்னும் தைக்கலையே, அளவு?" என்று ஒருவரிடம் கேட்டார். "வேற இடத்துல பார்த்துக்குறோம்," என்றார் அவர்.

ஞாயிறு காலை, ரொட்டியைத் தேநீரில் தொட்டபடியே விசில்காரர் கேட்டார். "அன்னைக்கு அந்தம்மா கேட்டப்ப நீ பதில் சொல்லல."

"சொல்லல."

"நீயும் என்னைச் சந்தேகப்பட்டியா?"

"பட்டேன்."

"இப்ப?"

தையலக்கா ரொட்டித் துண்டை மென்று விழுங்கினார். "இன்னும் முழுசாப் போகல. கறை மாதிரி. ஒரு தடவை துவைச்சா போகாது."

விசில்காரர் தலையசைத்தார். கோபித்துக்கொள்ளவில்லை.

"இன்னைக்கு மைதானத்துல பிள்ளைங்க ஆடுவாங்க. வாங்க, போகலாம்," என்றார் தையலக்கா.

"இனிமே எதுக்கு? வேலைதான் போச்சே."

"வேலை போச்சு. உங்களுக்குக் கண்ணு இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியணும். அதுக்காகத்தானே கிடங்க விட்டீங்க."

"நின்னா விரட்டுவாங்க."

"நான் பக்கத்துல நிப்பேன்."

"என்னை நம்பியா?"

"நம்பி இல்ல. பார்க்க."

மைதானத்தின் கம்பி வேலியோரம் இருவரும் நின்றனர். ஈரப் புல்லில் பிள்ளைகள் இரு பிரிவாகப் பந்து ஆடினார்கள். பெஞ்சியில் இருந்த தாய்மார் விசில்காரரைப் பார்த்தார்கள், பக்கத்தில் தையலக்காவைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள், சிலர் திருப்பிக்கொள்ளவில்லை. விசில்காரர் பிள்ளைகளைப் பார்த்தார். தையலக்கா விசில்காரரைப் பார்த்தார். அந்தக் கண் எங்கே போகிறது, எங்கே தங்குகிறது, எதைத் தேடுகிறது என்று, இழை பிரிப்பவரைப்போல் பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் அந்தக் கண் கால்களுக்கும் பந்துக்கும் இடையில்தான் ஓடிற்று. முகங்கள்கூட அதற்குத் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை.

"அங்க பாரு," என்றார் அவர் திடீரென்று, மெல்லிய குரலில். "மஞ்சச் சட்டை. பந்து வர்றதுக்கு முன்னாடியே அவ கால் அந்தப் பக்கம் திரும்பிடுது."

தையலக்கா கணவரின் முகத்திலிருந்து கண்ணை எடுத்து மைதானத்தைப் பார்த்தார். மஞ்சள் சட்டைக்காரி எல்லாரையும்விடக் குட்டை. யாரோ எதிர்முனையில் பந்தை உதைக்க ஓடி வந்தார்கள். இன்னும் உதைக்கவில்லை. சிறுமியின் இடது பாதம் புல்லை அழுத்தித் திரும்பிற்று.

பிறகுதான் பந்து வந்தது.